தார் பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்கு உண்டு?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

போன ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் ஜெய்சல்மேர் போய் வந்தோம். திட்டம் உருவானது சென்னை மிண்ட் தெருவில், எங்களுக்குத் தெரிந்த சேட்டு ஒருவரின் பாத்திரக் கடையில். அவருக்குச் சொந்த ஊர் ராஜஸ்தானில் பார்மர் பக்கம். தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். ஒரே நாளில் குரி, சாம் மணல்மேடுகள், எல்லைப் பக்கத்து லோங்கேவாலா, தனோட் என்று எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நீ கிலோமீட்டர் கணக்கு போடுற. மணல்ல மணிக்கணக்குதான்" என்று சொல்லிப் பாதியை அடித்துவிட்டார். தனோட்டுக்கும் லோங்கேவாலாவுக்கும் ஒரு நாள், அங்கே தார்ச்சாலை. மணலில் ஓட்டவும் நடக்கவும் தனி நாள், அதுவும் காலையில் மட்டும்.

சொந்த வண்டியில் போனால் போகவர நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். லீவு ரோட்டிலேயே கரைந்துவிடும். அதனால் ஜோத்பூர் வரை ரயில், அங்கிருந்து வாடகை ஜீப். காற்றடிக்கும் சின்ன மெஷின் டிக்கியில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. ஆனால் அதை ஓட வைத்துப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

குரி கிராமத்தைத் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பினோம். மணி பன்னிரண்டு. சேட்டு சொன்னது அதற்குள் மறந்துவிட்டது. இருநூறு அடி போனதும் வண்டி நின்றது. பயத்தில் நான் ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் தப்பு. சக்கரம் சுற்றச் சுற்றத் தோண்டிக்கொண்டே போய் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா வந்தார். எங்களுக்கு இந்தி அரைகுறை, அவர் பேசியது இந்தியும் இல்லை. டயரைக் காட்டி வாயால் "புஸ்ஸ்ஸ்" என்றார். புரிந்துவிட்டது. 32 பவுண்டு காற்றை 18 வரை இறக்கினோம். டயர் பிதுங்கி மணலில் பரவினால் பாரமும் பரவும், அவ்வளவுதான் சூட்சுமம். மண்வெட்டி இல்லை, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் கையாலேயே தோண்டி, வண்டியின் கால்மிதியைச் சொருகி, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் வீல் லோ கியரில் போட்டு மெதுவாக நகர்த்தினேன். வெளியே வந்துவிட்டோம்! தாத்தா பணம் வாங்கவில்லை. காலியாகக் கிடந்த இரண்டு தண்ணீர் கேனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த மெஷினை எடுத்தோம். ஒயர் அறுந்திருந்தது. காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடாகிக் கிழிந்துவிடும் என்பதால், பஞ்சர் கடை வரும்வரை ஊர்வலம்தான்.

மறுநாள் விடிவதற்குள் நடக்கக் கிளம்பினோம். குளிரில் இறுகிய மணல் காலைத் தாங்கியது. பத்து மணிக்குமேல் ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. இரண்டு மேடு தாண்டினாலே ஜீப் கண்ணில் படாது, கிளம்பும்போதே போனில் இடத்தைக் குறித்துவிடுங்கள். கணுக்கால் சாக்ஸ் போடாதீர்கள், அங்கே ஒரு புல்லின் முள்விதை ஒட்டினால் பிடுங்கியே பொழுது போய்விடும். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தால், அவர்கள் கேஜ்ரி என்பது நம்ம கோயில் வன்னி மரம்!

காசிமேட்டிலிருந்து:

காற்று இறக்குவது எங்களுக்குப் புதிதில்லை. கடற்கரையில் குட்டியானை லோடு வண்டி புதைந்தால் முதலில் செய்வதே அதுதான். ஆனால் மணல்மேடு வேறு விஷயம். சாமில் உள்ளூர் ஜீப்காரர் நேராக ஏறி நேராகத்தான் இறங்கினார். நடுச்சரிவில் திருப்பச் சொன்னேன், போட்டோவுக்காக. முறைத்தார். குறுக்கே திரும்பினால் வண்டி உருண்டுவிடுமாம். நிறுத்துவதானாலும் மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்தினார், கிளம்பும்போது வண்டி தானாக நகர.

பெரம்பூரிலிருந்து:

நாங்கள் மாமியாரோடு போனதால் மணலில் எல்லாம் இறங்கவில்லை. தனோட் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படைதான் பார்த்துக்கொள்கிறது; வெடிக்காத பாகிஸ்தான் குண்டுகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். மாமியார் அம்மனைவிட அந்தக் குண்டுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். கோயில் வரை தடையில்லை. அதைத் தாண்டி எல்லைக் கம்பிவேலி வரை போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை, திரும்பிவிட்டோம். அடையாள அட்டை அசலையே எடுத்துப்போங்கள். சிக்னல் இருக்காதே என்று என் தம்பி துபாயிலிருந்து சேட்டிலைட் போன் கொண்டுவரக் கிளம்பினான். நல்லவேளை தடுத்தேன், அனுமதியில்லாமல் அதை இங்கே வைத்திருந்தாலே கேஸ், அதுவும் எல்லைப் பக்கம்.

அந்தச் சேட்டு கடை மிண்ட் தெருவில் எந்தப் பக்கம் சார்? டிசம்பரில் மறுபடி போகிறோம், இந்த முறை மாமியார் மணலில் நடந்தே ஆகணுமாம்.