டின் ஓப்பனரில் கை வலிப்பது திருகுவதாலா, பிடிப்பதாலா?

லேத்துக்காரன், கோவை:

வணக்கம். எனக்கு ஆவாரம்பாளையம் பக்கம் சின்ன லேத்துப் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், புஷ், எப்போதாவது ஒரு கியர், இவ்வளவுதான் என் உலகம். சமையலறைச் சாமான் எதையும் இதுவரை செய்ததில்லை. அதனால் அடிப்படையே தெரியாமல் கேட்கிறேன் என்று நினைத்தால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரம்மா மூன்று வருடமாக வீட்டிலேயே கேக் போட்டுக் கொடுக்கிறார். சனிக்கிழமை என்றால் பைனாப்பிள் கேக்தான் அதிகம் போகும். அன்று ஒரு நாளில் 850 கிராம் பைனாப்பிள் டின் பன்னிரண்டாவது திறக்க வேண்டியிருக்கும். இழுத்துத் திறக்கிற வளையம் வைத்த டின் கிடைத்தால் அதைத்தான் வாங்குகிறோம். ஆனால் நாங்கள் வாங்கும் மொத்தக் கடைக்கு வருவது பெரும்பாலும் வளையம் இல்லாதது. திறக்க எங்களிடம் இருப்பது இரண்டு கைப்பிடி, பக்கத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சாவி வைத்த சாதாரண ஓப்பனர்.

போன தீபாவளி ஆர்டர் முடிந்ததிலிருந்து அவருக்குக் கை வலி. சாவியைத் திருகித் திருகித்தான் இப்படி ஆகிவிட்டது என்று நானாகவே முடிவு கட்டினேன். ஓப்பனரைப் பட்டறைக்கு எடுத்துப்போய் வெர்னியர் வைத்து அளந்தேன். டின்னை நகர்த்தும் பல் சக்கரம் 11.5 மி.மீ. விட்டம், அதாவது ஒரு சுற்றுக்கு 36 மி.மீ. நகரும். டின்னின் விளிம்புக்கு உட்புறச் சுற்றளவு ஏறக்குறைய 310 மி.மீ. ஒரு டின்னுக்கு எட்டரைச் சுற்று. மணிக்கட்டை ஒரு தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப முடியாது, ஆக டின்னுக்குப் பதினேழு திருகல். பன்னிரண்டு டின்னுக்கு இருநூறு! அப்புறம் கை வலிக்காமல் என்ன செய்யும்?

சாவியை அறுத்துவிட்டு அந்த இடத்தில் 70 மி.மீ. நீளத்துக்கு ஒரு க்ராங்க், அதாவது பிடித்துச் சுற்றும் கை, வைத்தேன். பழைய சாவியின் ஒரு சிறகு 22 மி.மீ.தான் இருந்தது. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். திருகிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு டின் திறந்துவிட்டு, "ஏனுங்க, நல்லாத்தான் சுத்துது. ஆனா எனக்கு வலிக்கிறது இந்தக் கையில்ல" என்று இடது கையைக் காட்டினார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் கை. இத்தனை மாதமாக எந்தக் கை என்றே நான் கேட்கவில்லை.

அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. க்ராங்க் வைத்த பிறகு ஓப்பனர் டின் விளிம்பை விட்டு நழுவுகிறது. நழுவாமல் இருக்க அவர் முன்னைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க் மாதிரிக் குள்ளமான டின்னில் க்ராங்க் கீழே வரும்போது விரல் முட்டி மேஜையில் இடிக்கிறது. ஒவ்வொரு பைனாப்பிள் டின்னிலும் ஏதோ ஓர் இடத்தில் சக்கரம் துள்ளி, ஒரு விரல்கடை அளவுக்கு வெட்டாமல் விட்டுவிடுகிறது.

கையால் இயங்குவதாகவே இருக்க வேண்டும். எப்படி மாற்றலாம்?

பதில் 1: அவசரக்காரன்

கரண்டில் ஓடுகிற ஓப்பனர் ஒன்று வாங்கிக் கொடுங்கள் அண்ணா. இதற்கு எதற்கு ஆராய்ச்சி?

லேத்துக்காரன், கோவை:

வாங்கினோம் தம்பி. ஐந்தாவது டின்னில் மூச்சு விட்டுவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் கியர்.

பதில் 2: பழைய டூல்ரூம், அம்பத்தூர்

முப்பத்தொரு வருடம் டூல்ரூமில், அதாவது அச்சும் கருவிகளும் செய்யும் பிரிவில், இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கணக்கு சரி, பலம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

சாவியைத் திருகும்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் ஆள்காட்டி விரல் எதிர்ப்பக்கமும் தள்ளுகின்றன. இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மிச்சம் சுழற்சி மட்டும்தான். க்ராங்கில் அப்படி இல்லை, ஒரே பக்கத் தள்ளல். அது சுழற்றுவதோடு ஓப்பனரையே தூக்கும், அழுத்தும், முன்னும் பின்னும் தள்ளும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. அதைத் தாங்க வேறு எதுவும் இல்லை, உங்கள் வீட்டம்மாவின் இடது கைதான் தாங்குகிறது. வலது கையில் குறைத்ததை இடது கையில் ஏற்றிவிட்டீர்கள்.

இதைப் பழைய ஆட்கள் வேறு மாதிரிச் சமாளித்தார்கள். தகர டின்னுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது 1810-இல். உளியும் சுத்தியலும் வைத்துத்தான் ரொம்ப நாள் திறந்தார்கள். 1858-இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் குத்தி அறுக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். சக்கரம் வைத்து வெட்டுவது 1870-இல் வில்லியம் லைமன் செய்தது. அதில் ஒரு முனையை டின் மூடியின் நடுவில் குத்தி நிறுத்த வேண்டும், வெட்டும் சக்கரம் அதைச் சுற்றி ஓடும். டின் அளவு மாறினால் நீளத்தையும் மாற்றியாக வேண்டும், பெரிய இம்சை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி நகராமல் இருக்க டின்னையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டார் மனிதர். 1925 வாக்கில் பல் வைத்த இரண்டாவது சக்கரம் வந்ததும் அந்த நடுக் குத்து போயிற்று, விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வேலை கைக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டில் வலிப்பது அந்த வேலைதான்.

வழி இருக்கிறது. லாக்கிங் பிளையர் உங்கள் பட்டறையிலேயே இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்கிறதே, அந்த இணைப்பை ஓப்பனர் பிடிக்கு வையுங்கள். ஆனால் விறைப்பாகப் பூட்டாதீர்கள், நடுவில் ஒரு பட்டை ஸ்பிரிங் வேண்டும். ஏன் என்றால் உங்கள் டின் துள்ளும் இடத்தைப் போய்ப் பாருங்கள், உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் கோடு ஓடும். மற்ற இடத்தில் விளிம்பு என்பது மூடித் தகடு மூன்று மடிப்பு, உடம்புத் தகடு இரண்டு மடிப்பு, ஆக ஐந்து. அந்தக் கோட்டின் மேல் இன்னும் தடிக்கும். ஸ்பிரிங் இருந்தால் சக்கரம் அதில் ஏறி இறங்கிவிடும். இப்போதைக்கு அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே வெட்ட ஆரம்பியுங்கள், துள்ளல் கடைசியில் போய் விழும்.

பதில் 3: விரல் வைத்தியம்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளை வலியில்லாமல் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். லேத்து வேலை தெரியாது, கை தெரியும்.

கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால், அடியில் மணிக்கட்டை ஒட்டி இருக்கும் மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ இறங்குகிறது. ஆகவே வலது கையும் தப்பித்தது என்று நினைக்காதீர்கள், சாவியை எடுத்தது நல்லதுதான். இடது கையில் நடப்பது வேறு. தசை அசையாமல் இறுகியே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், சீக்கிரம் களைத்துவிடும். இறுக்கி விட்டு, இறுக்கி விட்டுச் செய்யும் வேலையை நாள் முழுக்கச் செய்யலாம், விடாமல் இறுக்குவதை ஐந்து நிமிடம் செய்வது கஷ்டம். பூட்டும் பிடி என்று மேலே ஐயா சொன்னதைக் கைதட்டி வரவேற்கிறேன்.

பூட்டுவதற்கான அந்த ஒரு அழுத்தையும் விரலால் செய்ய விடாதீர்கள். உள்ளங்கையால், உடம்பு எடையைப் போட்டு, மேலிருந்து கீழாக அழுத்தும்படி இருக்கட்டும். க்ராங்க் குமிழ் உருட்டையாக, 35 மி.மீ. அளவுக்கு, தானும் சுழலும்படி இருக்க வேண்டும். மெல்லிய கம்பியை எவ்வளவு நீளமாக்கினாலும் கை அதைக் கிள்ளித்தான் பிடிக்கும். ஆக்ஸோ நிறுவனத்தின் தடித்த ரப்பர் பிடிச் சாமான்கள் 1990-இல் வந்ததே இப்படித்தான். அதை ஆரம்பித்த சாம் ஃபார்பரின் மனைவிக்கு மூட்டுவாதம், காய் சீவுகிற கருவியைப் பிடிக்க முடியாமல் சிரமப்பட்டார்.

அப்புறம், டாக்டரிடம் காட்டினீர்களா? கருவியை மாற்றினால் வலி போகும் என்று காத்திருக்காதீர்கள்.

பதில் 4: கப்பல் சமையல்

பதினோரு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல். எங்களிடம் வருவது 3 கிலோ டின். அதை யாரும் கையில் பிடித்துத் திறப்பதில்லை. மேஜை ஓரத்தில் ஒரு தாங்கி, அதில் மேலும் கீழும் போகும் இரும்புக் கம்பி, தலையில் பிளேடு, க்ராங்க். டின்னைக் கீழே வைத்து, கம்பியை இறக்கி, கைப்பிடியை ஒரு அமுக்கு. பிளேடு மூடிக்குள் இறங்கும். அப்புறம் சுற்ற வேண்டியதுதான், டின் தானே சுழலும். இதற்கு இடது கை வேலையே கிடையாது. டூல்ரூம் ஐயா சொன்ன ஊன்றுகோல் எங்களுக்கு மேஜை.

செய்தீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள், தலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். பிளேடுக்குப் பின்னால் சேரும் பழைய ஜூஸும் சாஸும் இருக்கிறதே, பார்த்தால் சாப்பாடு இறங்காது. பிளேடு மழுங்கினால் இரும்புச் சுருள் டின்னுக்குள் விழும், அதையும் வாரா வாரம் பாருங்கள்.

பதில் 5: ரின்மீன், ஸ்காபரோ

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். எங்கட வீட்டில் ரின்மீன் (டின்னில் வாற மீன்) கறி இல்லாத கிழமை இல்லை. அம்மாவுக்கு இடக்கை வழக்கம். சாவி எப்பவும் வலப் பக்கத்தில்தான் இருக்கும். அவ கையை மாறிப் போட்டு, ரின்னை வயிற்றோடு அணைச்சு வைத்துத் திறப்பா. ஒரு தரம் சோஸ் முழுக்கச் சட்டையில். லேத்து அண்ணா, நீங்கள் எதைச் செய்தாலும் இடக்கைக்காரரையும் ஒருக்கா யோசியுங்கோ.

லேத்துக்காரன், கோவை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, அதற்குள் இரண்டு மாதிரி செய்து பார்த்தேன்.

முதல் மாதிரி, லாக்கிங் பிளையர் பிடி மட்டும். இறுக்கும் வேலை போனது, ஆனால் க்ராங்க் ஆட்டுகிற ஆட்டத்தை இடது கைதான் தாங்க வேண்டியிருந்தது. ஐயா சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாவதில் ஓப்பனரின் ஒரு கைப்பிடியை அறுத்து 16 மி.மீ. கம்பியில் பற்றவைத்தேன், கம்பியை ஜி-கிளாம்ப் வைத்து மேஜை ஓரத்தில் நிறுத்தினேன். இன்னொரு கைப்பிடி உள்ளங்கையால் அமுக்கிப் பூட்டும் நெம்புகோல் ஆகிவிட்டது, நடுவில் பட்டை ஸ்பிரிங். உயரத்தைக் கம்பியில் ஏற்றி இறக்கலாம். குள்ள டின்னுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுகிறேன், விரல் இடிப்பதில்லை. குமிழுக்கு வேப்பமரத்தில் 35 மி.மீ. கடைந்தேன்.

போன சனிக்கிழமை பன்னிரண்டு டின். வெல்டிங் கோட்டில் ஒரு சின்ன ஏற்றம் தெரிகிறது, துள்ளவில்லை. இடது கை சும்மா இருந்தது. டாக்டரிடமும் போனோம், இரவில் பட்டை கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வீட்டுக்காரம்மா இன்னும் பாஸ் போடவில்லை. தலையைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். "கழுவறதுக்கு ஒவ்வொரு தடவையும் உங்க பட்டறைக்கு வரணுமா?" என்கிறார். கப்பல்காரர் எச்சரித்தும் கோட்டைவிட்டேன். இந்த வாரம் போல்ட்டை எடுத்துவிட்டு, கையாலேயே உருவுகிற ஆணி போடுகிறேன்.

ஸ்காபரோ தம்பிக்கோ தங்கைக்கோ: பிடி பூட்டியே இருப்பதால் எதிர்த்திசையில் திருகியும் இரண்டு டின் வெட்டிப் பார்த்தேன், வெட்டுகிறது. க்ராங்க் நம் முகத்துக்கு நேராக நிற்பதால் எந்தக் கையும் போடலாம். அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கிணற்று ராட்டினமோ தையல் மிஷினோ, கையால் சுற்றுவது எதுவானாலும், அவர் தன் பக்கம் இழுத்துச் சுற்றுவாரா, வெளிப்பக்கம் தள்ளிச் சுற்றுவாரா? குமிழின் சரிவை அதற்கேற்றபடி கடைய வேண்டும்.