கற்பல்லா, படிவப்பல்லா?

ஐயா, வணக்கம்.

மண்ணுக்குள் புதைபடிவமாகிப்போன பல்லுக்கு (fossil tooth) நீங்கள் முன்வைத்த ‘கற்பல்’ சொல்லச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பற்கல்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். பல் மருத்துவர் சுரண்டி எடுக்கும் காரை. இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்கிற பிள்ளை திணறிப்போகும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கற்பல் என்றதும், செத்தபின் பல் கல்லாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே, பல்லின் மேற்பூச்சான எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம்தான்: அபடைட் வகைக் கால்சியம் பாஸ்பேட், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 5. எலும்பு மக்கிய இடத்திலும் பல் மிஞ்சுவது அதனால்தான். மண்ணுக்குள் நடப்பது ஒரு கைமாற்று. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளூரைடு, அபடைட்டில் ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஃபுளூரைடு பற்பசையால் தேய்க்கும்போது நம் பல்லின் மேற்பரப்பில் கொஞ்சமாக நடப்பதும் இதே வேலைதான். சுறாவுக்கு அதுகூடத் தேவையில்லை. அதன் பல்லின் மேற்பூச்சு பிறவியிலேயே ஃபுளூரபடைட்!

பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரில் கிடைத்த சுறாப்பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். வேர்ப்பகுதி சொரசொரவென்று செம்மண் நிறத்தில் இருந்தது. முனையோ எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அந்த முனையைப் பார்த்தபின் ‘கல்லானது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, நண்பர் சொன்ன ‘புதைபல்’. புதைமணல், புதைகுழி போல நல்ல வினைத்தொகை, ஒற்றும் மிகாது. ஆனால் நான் பாடம் நடத்துவது மதுரை ஒத்தக்கடையில். எதிரே நிற்கும் யானைமலை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை, அதில் படிவம் கிடைக்காது. என் பிள்ளைகளுக்குப் புதைந்தது என்றாலே கீழடிதான். அங்கே குழியில் படிவமாகாத மாட்டுப்பல் வந்தால் அதுவும் புதைபல்தானே?

அதனால் ‘படிவப்பல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். புதைபடிவம் என்ற சொல் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். உள்ளே நடக்கும் மாற்றத்துக்குக் ‘கனிம இடமாற்று’. எனாமலைக் குறிக்கும் ‘பற்சிப்பி’ மட்டும் இங்கே வேண்டாம் ஐயா. அரியலூர், பெரம்பலூர்ப் படிவங்களில் நிஜச் சிப்பிகளே ஏராளம். எனாமல் என்றே எழுதுவோம்.

இது சரி என்று பட்டால் அப்புறம் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினுக்கு வருவோம். அதில் கனிமம் 70 விழுக்காடு அளவுதான், இடமாற்றும் எனாமலைவிட எளிதாக நடக்கிறது. அதற்கு ‘தந்தினி’ பொருந்துமா?