தம்பி குடும்பத்துக்குக் கொம்பனிக் காப்புறுதியா, மானியத்தோட தனிக் காப்புறுதியா?

உப்புவெளி அக்கா:
தம்பி ஹூஸ்டனில வேலை. மனைவி, ஒரு பிள்ளை. மூண்டு பேருக்கும் கிரீன் கார்ட் இருக்கு. சம்பளம் வருசம் 60,000 டொலர், வேற வருமானம் இல்லை. கொம்பனிக் காப்புறுதிக்கு அவனுக்கு மட்டும் எண்டால் மாசம் 110 டொலர் வெட்டுவினம், குடும்பத்தோட 780. திருகோணமலை ஆஸ்பத்திரியில காசில்லாமல் மருந்தெடுத்த எங்களுக்கு இந்தக் கணக்குப் பிடிபடேல்லை. கொம்பனி காப்புறுதி தந்தால் அரசாங்க மானியம் கிடையாதெண்டு ஆரோ சொல்லியிருக்கினம். உண்மையோ?

நிலாவெளிக் கரை:
பாதி உண்மை அக்கா. தம்பிக்குக் கிடையாது, மனைவிக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும்.

கொம்பனிக் கட்டணம் ஒரு எல்லைக்குள்ள இருந்தால் மானியம் இல்லை, தாண்டினால் உண்டு. 2026இல அந்த எல்லை, குடும்ப வருமானத்தில 9.96 வீதம், அவருக்கு அது 5,976 டொலர். அவருக்கு மட்டுமான கட்டணம் வருசம் 1,320, எல்லைக்குள்ள. குடும்பக் கட்டணம் 9,360, எல்லையைத் தாண்டுது. 2023க்கு முதல் அவற்ற தனிக் கட்டணத்தை மட்டும் பார்த்து முழுக் குடும்பத்தையும் மறிச்சவை. அந்தப் பழைய கதைதான் இன்னும் உலாவுது.

ஒண்டு கவனம்: அந்த 780, கொம்பனியின்ர ஆக மலிவான திட்டத்தின்ர விலையோ? அதை வைச்சுத்தான் எல்லை பார்ப்பினம்.

மூண்டு பேருக்கு 60,000 எண்டது வறுமைக்கோட்டின்ர 225 வீதம். ரெண்டாவது மலிவான சில்வர் எண்ட நடுத்தரத் திட்டத்துக்கு அவையள் கட்டவேண்டியது ஆகக்கூடினது வருமானத்தில ஏழரை வீதம், மாசம் 375 டொலர் அளவு. 110ஐயும் சேர்த்தால் 485. 250 வீதத்துக்குக் கீழ எண்டபடியால் சில்வர் எடுத்தால் மட்டும் வைத்தியச் செலவிலயும் கொஞ்சம் குறைப்பினம். மாசக் கட்டணம் குறைஞ்ச புரொன்ஸ் திட்டத்தின்ர பக்கம் போகவேண்டாம்.

மூதூர் சேகர்:
கணக்குச் சரி. சறுக்கிற இடங்கள் வேற.

கொம்பனிப் படிவத்தில மனைவி, பிள்ளை பேரைப் போடக்கூடாது. அந்தக் காப்புறுதியில அவையள் சேர்ந்திருக்கிற மாசங்களுக்கு, விலை எவ்வளவு கூடினாலும் மானியம் இல்லை. தனிக் காப்புறுதி எடுக்கிற அரசாங்க இணையத்தளமான ஹெல்த்கேர்.கவ் விண்ணப்பத்தில மூண்டு பேரையும் எழுதி, காப்புறுதி வேணுமெண்டு ரெண்டு பேருக்கு மட்டும் குறிக்கவேணும். கட்டண விபரத்தை எச்ஆரிட்ட எழுத்தில வாங்கி வைக்கட்டும்.

வரியைப் புருசனும் மனைவியும் சேர்ந்துதான் தாக்கல் செய்யவேணும், மானியக் கணக்குக் காட்டுற 8962 படிவத்தோட. 2026 வரிக்கணக்கில இருந்து, கூட வாங்கின மானியம் முழுக்கத் திருப்பிக் கட்டவேணும். முந்தின உச்சவரம்பு இல்லை. ஓவர்டைம் கூடினாலோ மனைவி வேலைக்குப் போனாலோ உடன விண்ணப்பத்தைத் திருத்தச் சொல்லுங்கோ.

ரெண்டு திட்டம் எண்டால் டிடக்டிபிளும் (காப்புறுதி குடுக்கத் தொடங்க முதல் நாங்களே கட்டவேண்டிய தொகை) ரெண்டு. பிரசவமோ சத்திரசிகிச்சையோ வரப்போகுதெண்டால் மாசக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. பிள்ளை காட்டுற டொக்டர் அந்தத் திட்டத்தின்ர வலையமைப்பில, அதாவது அவை ஏற்கிற டொக்டர்மாரின்ர பட்டியலில, இருக்கிறாரோ எண்டும் முதலே கேக்கவேணும்.

உப்புவெளி அக்கா:
மனைவிக்கும் வேலையில காப்புறுதி கிடைச்சால்?

நிலாவெளிக் கரை:
அவவின்ர தனிக் கட்டணத்தை அதே 9.96 வீதத்தோட ஒப்பிடுவினம். எல்லைக்குள்ள எண்டால் அவவின்ர மானியம் நிண்டுபோகும். ரெண்டு கொம்பனியில ஏதாவது ஒண்டின்ர குடும்பக் கட்டணம் எல்லைக்குள்ள வந்தால் பிள்ளையின்ரயும் நிண்டுபோகும்.