சுற்றுப்பாதை நிரல்: உயரம் ஏன் ஏறி இறங்குகிறது?

வணக்கம் நண்பர்களே. 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றுவதைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். "மேலே ஈர்ப்பே இல்லை" என்ற எண்ணத்தை உடைப்பதுதான் நோக்கம். 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு 8.68 மீ/வி² இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் நொடிக்கு 7.67 கி.மீ. ஓடுவதால் தரையைத் தொடுவதில்லை, அவ்வளவே.

நிரல் நேரத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்துகிறது. பழைய இடம், பழைய வேகம் இரண்டையும் வைத்தே அடுத்த படியைக் கணக்கிட்டபோது ஆற்றல் கூடி, பாதை சுருளாக வெளியே விரிந்தது. முதலில் வேகத்தைத் திருத்தி, அந்தப் புதிய வேகத்தால் இடத்தை நகர்த்தியதும் சரியாகிவிட்டது. 10 நொடிப் படியில் ஒரு சுற்று 92.6 நிமிடம்.

பிறகு பூமியின் நடுப்பகுதிப் புடைப்பைச் சேர்த்தோம் (புடைப்பின் அளவைக் குறிக்கும் எண் ஜே2 = 0.0010826). புடைப்பால் வரும் முடுக்கத்தின் சூத்திரத்தில், z திசைக்கான (பூமியின் வட-தென் அச்சு) அடைப்புக்குறிக்குள் முதல் எண்ணாக 3, மற்ற இரு திசைகளிலும் 1 வர வேண்டும். மூன்றிலும் 1 போட்டால் விசை மையத்தை நோக்கியே இருக்கும், பாதைத் தளம் அசையவே அசையாது. இப்போது தளம் நாளுக்குச் சுமார் 5 டிகிரி மேற்கே திரும்புகிறது. இது சரி.

சிக்கல் இதுதான்: வட்டப்பாதைக்கான வேகத்தில் தொடங்கியும் ஒவ்வொரு சுற்றிலும் மையத்திலிருந்து உள்ள தூரம் சில கி.மீ. கூடிக் குறைகிறது. படியை மிகச் சிறிதாக்கியும் இது மறையவில்லை, எனவே இது படியின் பிழை மட்டும் அல்ல. புடைப்பின் விளைவு என்றே நினைக்கிறோம். இந்த அலைவு மிகக் குறைவாக இருக்கும்படி தொடக்க வேகத்தைத் தேர்ந்தெடுக்க, பள்ளிக் கணக்குக்குள் அடங்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டுத் தளத்துக்குப் பாதைத் தளத்தின் சாய்வு 51.6 டிகிரி, தொடக்கம் நிலநடுக்கோட்டின் மேல்.