பொருத்துவது உள்நாட்டில், பாகங்கள் வெளிநாட்டில்: இதைத் தற்சார்பு எனலாமா?

கேள்வி:
ஒரு நாட்டில் விற்பனையாகும் மின்னணுச் சாதனங்களில் பெரும்பகுதி அந்நாட்டிலேயே பொருத்தப்படுகிறது என்று அறிவிக்கப்படும்போது, அதை உற்பத்தித் துறையின் உறுதிக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே என் ஐயம். சிப்பும் காந்தமும், பாகங்களைச் செய்யும் எந்திரங்களும் கடல் கடந்தே வருகின்றன. இறக்குமதி வரியை உயர்த்தினால் இவையும் காலப்போக்கில் உள்நாட்டுக்கு வந்துவிடும் என்ற வாதம் சரிதானா?

மறுமொழி 1:
பொருத்தும் ஆலை எங்கே இருக்கிறது என்பதைவிட, அதற்குப் பொருள் தருபவருக்கும் பொருள் தருபவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் ஏற்பட்டபோது, ஒனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றது. வாகன வண்ணப்பூச்சுக்கு மினுமினுப்பைத் தரும் சிராலிக் என்னும் நிறமி அந்த ஓர் ஆலையில்தான் தயாராகிவந்தது. அதனால், வேறு கண்டத்தில் வாகனம் செய்துவந்த ஃபோர்டு நிறுவனம்கூடச் சில கறுப்பு, சிவப்பு நிற வண்டிகளுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவைத்தது. வெறும் நிறமிக்கே இந்த நிலை! அந்தப் பேரிடருக்குப் பின் டொயோட்டா தன் விநியோகச் சங்கிலியின் அடி மட்டம் வரை விவரம் திரட்டி, முக்கியமான சிப்புகளைச் சில மாதங்களுக்குப் போதுமான அளவு இருப்பில் வைக்குமாறு தன் விநியோகஸ்தர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021இன் தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற வாகன நிறுவனங்கள் திணறியபோது, அது ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு அந்த இருப்பும் ஒரு காரணம்.

மறுமொழி 2:
வரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பால்மாவு பெரும்பாலும் உள்நாட்டிலேயே தயாராகிறது. இறக்குமதிக்கு வரியும் உண்டு, கடும் விதிகளும் உண்டு. ஆயினும் 2022இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே ஓர் ஆலை மூடப்பட்டபோது கடை அலமாரிகள் காலியாயின. ஐரோப்பாவிலிருந்து ராணுவ விமானத்தில் பால்மாவைக் கொண்டுவர நேர்ந்தது. வரிச்சுவருக்குள் இரண்டு மூன்று நிறுவனங்களே நிலைத்துவிட்டால், வெளியாரை நம்பியிருப்பதைப் போன்றதே அவற்றை நம்பியிருப்பதும்.

மறுமொழி 3:
மேற்கண்ட இருவரும் சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் இடையில் உள்ள பதப்படுத்தும் கட்டத்தை இருவருமே விட்டுவிட்டார்கள். நீங்கள் சொன்ன காந்தங்களைச் செய்யத் தேவைப்படும் உலோகங்களான அருமண் தனிமங்களின் தாது பல நாடுகளில் கிடைக்கிறது. அதைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் வேலையில்தான் சீனாவின் ஆதிக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமே பல ஆண்டுகள் தான் செறிவூட்டிய தாதுவைப் பிரிப்பதற்காகச் சீனாவுக்கு அனுப்பிவந்தது. 2010இல் சீனாவிலிருந்து வரத்து தடைப்பட்ட பிறகு, ஜப்பான் அரசு ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் முதலீடு செய்தது. மலேசியாவில் அமைந்த அதன் பிரிப்பு ஆலை மாற்று வழியாயிற்று. பிரிப்பு வேலையில் அமிலமும் கழிவும் மிகுதி, லாபமோ குறைவு. ஆகவே அரசு பக்கபலமாக நிற்காவிட்டால் தனியார் எவரும் இதில் துணிந்து இறங்குவதில்லை.

கேட்டவர்:
அப்படியானால் இருப்பு வைப்பதற்கும் இரண்டாவது ஆலையை நடத்துவதற்கும் ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது?

மறுமொழி 3:
எல்லாப் பொருளுக்கும் அரசால் ஏற்க இயலாது. வரத்து நின்றால் பத்துத் தொழில்கள் நின்றுவிடும், மாற்று ஆலை எழுப்ப ஆண்டுக்கணக்கில் ஆகும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்படும் பொருள்களுக்கு மட்டும் அரசு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் தரலாம். மற்றவற்றுக்கு, வாங்கும் நிறுவனமே இரண்டாவது விநியோகஸ்தரிடம் சிறு ஆர்டரையாவது தொடர்ந்து கொடுத்துவர வேண்டும். ஆர்டர் இல்லாத பட்டறையில் பாகங்களை வடிக்கும் அச்சுகளைச் செய்யும் தேர்ந்த ஆள் தங்கமாட்டார்.