கார்ப்பண்யம் இல்லாவிட்டால் சரணாகதி பலிக்காதா?

பொருநைக்கரையான்:
"5 அங்கங்களில் ஒன்று குறைந்தாலும் சரணாகதி பலிக்காது, கார்ப்பண்யத்தை, அதாவது தன் கையில் ஒன்றுமில்லை என்ற தாழ்வை, மனத்தில் நினைத்துவிட்டுத்தான் சரணம் புகவேண்டும்" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தன் கையில் ஒன்றுமில்லாதவன் அதையும் ஒரு காரியமாகச் செய்து காட்டவேண்டுமா? வானமாமலைப் பெருமாளிடம் நம்மாழ்வார் "நோற்ற நோன்பிலேன்" என்றது (திருவாய்மொழி 5.7.1) உள்ள நிலை. அதை அங்கமாக்கினால் அதுவும் நம் சம்பாத்தியமாகிவிடும்.

தூப்புல்தாசன்:
எழுதியவன் அடியேன்தான், பெயர் சொல்லியே மறுக்கலாம். ஆனுகூல்ய சங்கல்பம் (பெருமாளுக்கு உகந்ததைச் செய்யும் உறுதி), பிராதிகூல்ய வர்ஜனம் (உகவாததை விடுவது), கார்ப்பண்யம், மகாவிசுவாசம் (காப்பான் என்ற உறுதியான நம்பிக்கை), கோப்த்ருத்வ வரணம் (காக்கும்படி வேண்டுவது) ஆகிய ஐந்தும் அங்கங்கள். தன்னைப் பெருமாளிடம் ஒப்படைக்கும் ஆத்ம நிக்ஷேபம் அங்கி, அதாவது முக்கிய செயல். பரந்யாசக் கணத்தில், நம் பாரத்தைப் பெருமாளிடம் வைக்கும் அந்தக் கணத்தில், ஐந்தும் கூடவேண்டும். நம் பக்கம் ஒரு வியாஜமும் (அருளுவதற்கு ஒரு சாக்கும்) வேண்டாம் என்றால், பெருமாள் ஒருவனுக்கு மோட்சம் தந்து மற்றவனை விடுவது பாரபட்சமாகாதா?

பொருநைக்கரையான்:
வியாஜத்தை யார் கேட்டார்கள்? கார்ப்பண்யத்துக்கு வாருங்கள். ஆசாரிய நிஷ்டையில் பச்சைக் குழந்தைக்கும் ஆசாரியனே பரந்யாசம் செய்கிறார். அந்தக் குழந்தையின் கார்ப்பண்யம் எங்கே?

தூப்புல்தாசன்:
ஆசாரியன் அங்கங்களோடுதான் செய்கிறார். விபீஷணனைப் பாருங்கள். "தீயவனான ராவணனின் தம்பி நான்" என்று தன் தாழ்வை முதலில் சொல்லிவிட்டுத்தான் சரணம் புகுந்தான். அது கார்ப்பண்யம் இல்லையா?

பொருநைக்கரையான்:
விபீஷணன் பேச்சு காதில் விழுந்தது, பெருமாள் பேச்சு விழவில்லை போலும்! நண்பன் என்ற பாவனையோடு வந்தாலே போதும், குற்றமிருந்தாலும் விடமாட்டேன் என்றார். தகுதி பார்த்தவர் சுக்ரீவ மகாராஜர். திரௌபதி ஒற்றை வஸ்திரத்தோடு, நீராடாத நிலையில் கூப்பிட்டாள். அவள் எந்த அங்கத்தை எண்ணினாள்?

நடுநாட்டான்:
நடைமுறையில் கெடுவது மகாவிசுவாசம்தான், அதை இருவரும் தொடவில்லை. சரணாகதி ஒரே முறை. செய்த பிறகு பயந்து வேறு உபாயம் தேடினால் கெட்டது. இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டியிருக்க, அரக்கர்கள் அதை நம்பாமல் சணல் கயிற்றையும் சுற்றினார்கள். அஸ்திரம் தானே விலகிற்று.

தூப்புல்தாசன்:
திரௌபதிக்கும் கைவிட்ட நிலை இருந்ததே, அதுதான் கார்ப்பண்யம். தென்கலை வழக்கப்படி பெருமாளை ஒருமுறை விழுந்து சேவித்துவிட்டு எழுந்துவிடுகிறவர்களா பணிவுக்குப் பாடம் எடுப்பது?

பொருநைக்கரையான்:
சரணாகதி ஒரே முறை என்றால் சேவிப்பதும் ஒருமுறை போதும். வடகலையார் போல நாலுமுறை விழுந்து எழுந்தால் பெருமாளுக்குக் கூடுதலாகத் தெரியுமா?

நடுநாட்டான்:
காஞ்சியில் இரு கலையாரும் எந்தத் தனியன் (ஆசாரியரைப் போற்றும் சுலோகம்) முதலில் என்று நீதிமன்றம் வரை போனது போதாதா?

தூப்புல்தாசன்:
போகவைத்தது யார் என்று அவரைக் கேளுங்கள்.

பொருநைக்கரையான்:
காஞ்சி வழக்கைத் தனியாகப் பேசலாம், அங்கேயும் பதில் இருக்கிறது. குழந்தையின் கார்ப்பண்யம் எங்கே?

தூப்புல்தாசன்:
ஆசாரியனிடம் என்று சொல்லியாயிற்று.

பொருநைக்கரையான்:
அது ஆசாரியனுடையது. குழந்தையினுடையதைக் கேட்டேன்.