புதுப்பிப்பு: தங்கையின் மனநலப் பரிசோதனை முடிந்தது

விவாகரத்து வழக்கில் தங்கைக்கு மனநோய் என்று கணவர் தரப்பு சொன்னதால், குடும்ப நல நீதிமன்றம் பரிசோதனைக்கு உத்தரவிட்டிருந்தது. போகாமல் இருக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தோம்.

மறுக்க வேண்டாம் என்றார் வக்கீல். அப்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, மறுத்தால் அதையே பாதகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2003இல் சாரதா – தரம்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசு மருத்துவமனையில் இரண்டு நாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் உளவியலாளர். 93, 86, 79... அதோடு அவள் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா பேனாவை மூடி வைத்து, தண்ணீர் கொடுத்து, "நிதானமா சொல்லும்மா" என்றார். அப்புறம் மைக்கறை அட்டைகள் (மை சிந்திய உருவத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பார்கள்), தூக்கம் பற்றிய கேள்விகள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரைகளை அவள் மறைக்கவில்லை. அதுதான் சரி. நோய் இருந்தது என்பது மட்டும் இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்துக்குப் போதாது. சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும்.

அறிக்கை மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம். வாய்தா 18ஆம் தேதி.